நோய் இரத்தத்திலா? ஆஸ்பத்திரி வாசற்படியிலா?

கடல் கடந்த தேசங்களில் வாழும் கறுப்பு மக்களுக்கு வரும் நோயைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நம் சேரியிலேயே பார்க்க வேண்டிய சங்கதி ஆயிரம் கிடக்க, நியூயார்க்கிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள கறுப்பர்களைப் பற்றி நமக்கென்ன கவலை என்றும் சொல்லக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் ஒன்றுதான். பிறவியைக் காட்டி ஒருவனைத் தாழ்ந்தவன் என்று தள்ளி வைப்பதும், அப்படித் தள்ளி வைத்ததனால் அவனுக்கு வந்த கேட்டையே எடுத்து அவனுடைய தாழ்வுக்கு ருஜுவாகக் காட்டுவதுமான வித்தை எந்தத் தேசத்தில் நடந்தாலும் அது நம்முடைய விஷயமேயாகும். 1873-ம் வருஷத்தில் ஜோதிராவ் பூலே அவர்கள் "குலாம்கிரி" என்னும் புத்தகத்தை எழுதியபோது, கறுப்பு அடிமைகளுக்கு விடுதலை தேடித் தந்த அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். அடிமைத்தனத்திற்குக் கடல் குறுக்கே நிற்பதில்லை என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

விஷயம் இதுதான். அமெரிக்க ஐக்கிய நாட்டில் கறுப்பு மக்கள் மொத்த ஜனத்தொகையில் 100-க்கு சுமார் 12 பேர். ஆனால் 2021-ம் வருஷத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதாகப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் 100-க்கு சுமார் 40 பேர் கறுப்பர்கள். பெண்களை மாத்திரம் எடுத்துக்கொண்டால் சுமார் பாதிப்பேர் கறுப்புப் பெண்கள். இங்கிலாந்திலும், பிரான்சிலும், கானடாவிலும்கூட ஆப்பிரிக்காவிலிருந்தும் கரிபியன் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களிடையே இந்நோய் அவர்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்து வருகிறது. இதை யாரும் மறுக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை. நாம் கேட்பதெல்லாம் இதற்குக் காரணம் என்ன என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு இதுவரை பல பெரிய மனிதர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். பாதிரிகளில் ஒரு கூட்டத்தார் இது ஆண்டவனுடைய தண்டனை என்றார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர்களில் சிலர் இது அவர்கள் பிறந்த தேசத்தின் கோளாறு என்றார்கள். 1989-ல் கானடா தேசத்துப் பேராசிரியர் பிலிப் ரஷ்டன் என்பவர், இது பரிணாமத்தினால் ஏற்பட்ட ஜாதி சுபாவத்தைப் பொறுத்தது என்று கட்டுரையே எழுதினார். மூன்று பதிலும் மூன்று உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தாலும், உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான். நோயாளியின் பிறப்பிலும் நடத்தையிலும் குற்றமே தவிர, அவனைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் ஒரு குற்றமும் இல்லை என்பதே அந்தச் சரக்கு.

நமது நாட்டார்க்கு இந்தச் சரக்கு புதிதல்ல. சேரியில் காலரா வந்தால் அது மாரியாத்தாளுடைய கோபம் என்றும், பூர்வஜென்ம கர்மம் என்றும், அவர்களுடைய அசுத்தம் என்றும் சொன்னவர்கள் யார்? ஊர்க்கிணற்றில் அவர்களைத் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்தவர்களேயல்லவா? நல்ல தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு, குட்டைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, அதனால் பேதி வந்தால் அதற்குக் கர்மம் என்று பெயரும் வைப்பது எவ்வளவு சாமர்த்தியமான பித்தலாட்டம்! அதே பித்தலாட்டம்தான் அங்கே வேறு பாஷையில் நடக்கிறது.

நோயைப் பிறத்தியான் தலையில் கட்டும் வழக்கத்திற்கு நம் பாஷையே சாட்சி சொல்லும். மேகநோயை நம் வைத்தியர்கள் "பறங்கிப்புண்" என்றார்கள். அதாவது, வெள்ளைக்காரன் கொண்டு வந்த புண் என்று அர்த்தம். அந்த வெள்ளைக்காரர்களுக்குள்ளேயோ, இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் அதை நேபிள்ஸ் நோய் என்றார்கள். கிருமி ஒன்று. அதற்கு இட்ட ஜாதிப் பெயர்களோ எத்தனை! கிருமிக்கு ஜாதியும் தெரியாது, தேசமும் தெரியாது. அதற்கு ஜாதி கற்பிப்பவன் மனிதன்தான்.

நிற்க, எச்.ஐ.வி. விஷயத்தில் இப்படி ஜாதி கற்பித்த கதையைச் சற்று பார்ப்போம். 1981 ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் பட்டணத்து வாலிபர்கள் ஐந்து பேரைப் பற்றிய அறிக்கையோடு இந்நோய் வெளியுலகத்திற்குத் தெரிய வந்தது. 1983-க்குள் அமெரிக்க சுகாதார இலாகாவார் அபாயத்திற்குரிய கூட்டத்தார் என்று ஒரு ஜாபிதா போட்டார்கள். ஆணோடு சேரும் ஆண்கள், ஊசி மூலம் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், இரத்தம் உறையாத நோயுள்ளவர்கள் ஆகியோரோடு ஹெய்தி தேசத்தார் என்றும் அதில் சேர்த்தார்கள். மற்றவர்களைச் சேர்த்தது அவர்கள் செய்த காரியத்திற்காக, அல்லது அவர்களுக்கு இருந்த வியாதிக்காக. ஹெய்தியரைச் சேர்த்தது எதற்காக? அவர்கள் ஹெய்தியில் பிறந்ததற்காக! இதன் பலனாக அமெரிக்காவில் குடியேறியிருந்த ஹெய்தியர்கள் வேலை இழந்தார்கள், வீடு கிடைக்காமல் தவித்தார்கள், அவர்கள் குழந்தைகள் பள்ளிக்கூடங்களில் ஏச்சும் அடியும் பட்டார்கள். 1985-ல் சர்க்காரே அந்தப் பெயரை ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜாபிதாவில் அடித்த பெயரை ஜனங்களின் மனதிலிருந்து அடிப்பது யார்?

அதோடும் முடியவில்லை. 1990-ம் வருஷத் தொடக்கத்தில், ஹெய்தியரும் ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்களும் இரத்த தானம் செய்யக்கூடாது என்று அமெரிக்க மருந்து இலாகா சொல்லிற்று. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் பல்லாயிரக்கணக்கான ஹெய்தியர்கள் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் வந்து, எங்கள் இரத்தத்தை இழிவு செய்ய நீ யார் என்று கேட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் உத்தரவு வாபசாயிற்று. பிறகு, தங்கள் தேசத்துக் கலகத்திற்குப் பயந்து படகேறி வந்த ஹெய்திய அகதிகளில் கிருமி இருந்தவர்கள் 200-க்கு மேற்பட்டோரைக் குவாண்டநாமோ என்னும் கடற்படைத் தளத்தில் முள்வேலிக்குள் அடைத்து வைத்தார்கள். 1993 ஜூன் மாதத்தில் கோர்ட்டார் உத்தரவு போட்ட பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள். நோயாளிக்கு வேண்டியது மருந்து. அவர்களுக்குக் கிடைத்தது முள்வேலி.

நம்முடைய தேசத்தார் இதைக் கேட்டு வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் முயற்சியால் இந்நோய் இந்தியாவில் இருப்பது முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டபோது, இப்படிப்பட்ட நோய் நம் புண்ணிய பூமிக்கு வராது என்றே பலர் எண்ணியிருந்தார்கள். அதையடுத்து நம் சர்க்கார் செய்ததென்ன? இங்கே படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தி, கிருமி இருந்தவர்களைத் தேசத்தை விட்டு அனுப்பினார்கள். அப்படி அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க மாணவர்களே. மனுதர்மம் வேறு எதற்குப் பயன்பட்டதோ இல்லையோ, அன்னியனைத் தீட்டு என்று ஒதுக்குவதற்கு நம்மவர்களை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறது.

இனி காரணத்துக்கு வருவோம். கறுப்பர்கள் ஒழுங்கீனமாக நடப்பதாலேயே அவர்களுக்கு நோய் அதிகம் வருகிறது என்று சொல்லப்படுகிறதே, அது வாஸ்தவமா? வாஸ்தவமா இல்லையா என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கிரெகரி மில்லட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, கானடா ஆகிய மூன்று தேசங்களிலும் ஆணோடு சேரும் ஆண்களைப் பற்றிப் பலரும் செய்திருந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்று திரட்டி, கறுப்பரையும் மற்றவரையும் ஒப்பிட்டு, 2012-ல் "லான்செட்" என்னும் வைத்தியப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். உறை உபயோகிப்பது முதலான தற்காப்பு விஷயங்களில் கறுப்பர்கள் மற்றவர்களைவிட மோசமாக நடப்பதாகக் காணவில்லை. அப்படியிருந்தும் நோய் மட்டும் அவர்களிடத்தில் அதிகம். பின் வித்தியாசம் எதில் இருந்தது? அமெரிக்காவில் நோயுள்ள கறுப்பர்களில் வைத்திய இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள் குறைவு. மருந்து சாப்பிடத் தொடங்கியவர்கள் குறைவு. வேறு மேகநோய்கள் வைத்தியம் இல்லாமல் கிடப்பது அதிகம். வித்தியாசம் படுக்கையில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறது!

இது எப்படி என்று சந்தேகப்படுபவர்களுக்கு விளங்கச் சொல்லுகிறோம். இந்நோய்க்கு 1996 முதல் நல்ல கூட்டு மருந்துகள் உண்டு. அவற்றைத் தவறாமல் சாப்பிடுகிறவனுடைய இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அப்படிக் குறைந்தவனிடமிருந்து சேர்க்கையின் மூலம் இன்னொருவருக்கு நோய் பரவுவதில்லை என்பதும் சந்தேகமற நிரூபிக்கப்பட்டாய்விட்டது. ஆகவே மருந்து என்பது சாப்பிடுகிறவனுக்கு மட்டும் வைத்தியமல்ல, அவனைச் சேர்ந்தவர்களுக்கும் அது காவல். இப்போது இரண்டு தெருக்களை எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவில் நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மருந்து கிடைத்திருக்கிறது. இன்னொரு தெருவில் நாலு பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. இரண்டு தெருவாரும் ஒரே மாதிரி நடந்தாலும், இரண்டாவது தெருவில் நோய் பரவாமல் என்ன செய்யும்? அந்தத் தெருவில் பிறந்த உத்தமனுக்கும்கூட அபாயம் அதிகம். முதல் தெருவில் உள்ள போக்கிரிக்கும்கூட அபாயம் குறைவு. இதில் ஒழுக்கத்துக்கு என்ன வேலை? இரத்தத்துக்கு என்ன வேலை?

நோய் வராமல் முன்கூட்டியே தடுக்கும் மாத்திரை ஒன்றும் 2012 ஜூலை முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் பயனடையத்தக்க நிலையில் இருந்த வெள்ளையர்களில் 100-க்கு 94 பேருக்கு 2022-ல் அது எழுதிக் கொடுக்கப்பட்டதாகவும், அதே நிலையிலிருந்த கறுப்பர்களில் 100-க்கு 13 பேருக்கே எழுதிக் கொடுக்கப்பட்டதாகவும் அமெரிக்க சர்க்கார் இலாகாவே கணக்குக் கொடுத்தது. 94 எங்கே, 13 எங்கே! இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் கறுப்பனுடைய இரத்தத்தை ஆராய வேண்டும் என்று சொல்பவன் பண்டிதனாக இருக்கலாம், பகுத்தறிவுள்ளவனாக இருக்க முடியாது.

பூகோளத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தெற்கு மாகாணங்களில் இருக்கிறார்கள். அங்கேதான் கறுப்பு மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்களும் வசிக்கிறார்கள். ஏழைகளுக்கு சர்க்கார் செலவில் வைத்தியம் செய்யும் மெடிக்கெய்ட் என்னும் திட்டத்தை 2014 முதல் விரிவாக்கிக்கொள்ள மாகாணங்களுக்கு வழி செய்யப்பட்டது. அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ், புளோரிடா முதலிய தெற்கு மாகாணங்கள் 2025 வரையிலும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கே நோய் அதிகமோ அங்கே கதவு சாத்தியிருக்கிறது. கதவைச் சாத்தியவனை விட்டுவிட்டு, வெளியே நிற்பவனுடைய குணத்தை ஆராய்வது என்ன நியாயம்?

இங்கிலாந்துக்கு வந்தாலும் இதே கதைதான். அங்கே வைத்தியம் பொதுச் சொத்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் குடியேற்றச் சீட்டு இல்லாதவர்களிடம் எச்.ஐ.வி. வைத்தியத்துக்கு 2012 அக்டோபர் மாதம் வரையில் பணம் கேட்கப்பட்டது. பரவுகிற நோய்க்கு மருந்தைக் காசில்லை என்று மறுப்பது நோயாளியைக் கொல்வதோடு ஊருக்கும் தீ வைப்பதாகும் என்ற சாதாரண அறிவு வர அத்தனை காலம் ஆயிற்று. 2017-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. நோயாளி ஆஸ்பத்திரியில் கொடுத்த விலாசத்தைக் குடியேற்ற இலாகாவார் கேட்டு வாங்கிக்கொள்ள ஓர் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. எதிர்ப்புக் கிளம்பி 2018-ல் அது கைவிடப்பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்றால் எவன் போவான்? போகாதவனைப் பார்த்து, சுகாதார அறிவில்லாதவன் என்று சொல்லலாமா?

இவற்றையெல்லாம்விட நமக்கு அதிக உதவியாயிருப்பது பாரிஸ் பட்டணத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் நோயைத் தங்கள் தேசத்திலிருந்தே கொண்டு வருகிறார்கள் என்பது அங்கே எல்லோருடைய அபிப்பிராயமாக இருந்தது. 2012, 2013-ம் வருஷங்களில் "பார்கூர்" என்ற பெயரில் நடந்த ஆராய்ச்சியில், நோயுள்ள ஆப்பிரிக்கர்களுடைய வாழ்க்கையை வருஷம் வருஷமாகக் கேட்டு எழுதினார்கள். எப்போது வந்தாய், எந்த வருஷம் தங்குவதற்குச் சீட்டுக் கிடைத்தது, எந்த வருஷம் சொந்தமாகத் தங்க இடம் கிடைத்தது என்றெல்லாம் கேட்டார்கள். முடிவு என்ன? மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள், ஒருக்கால் பாதிப்பேர் வரையிலும்கூட, பிரான்சுக்கு வந்த பிறகே நோயை அடைந்தவர்கள் என்று தெரிந்தது! அதுவும் சீட்டு இல்லாமலும் நிலையான இருப்பிடம் இல்லாமலும் அலைந்த வருஷங்களில் அபாயம் அதிகமாயிருந்தது என்றும் தெரிந்தது. இரவில் படுக்க இடமில்லாத ஒரு பெண், இடம் கொடுப்பவனிடம் உறையைப் பற்றி வாதாட முடியுமா? ஆகவே அந்த நோய்க்குத் தாய்நாடு ஆப்பிரிக்கா என்று சொல்வதா, பாரிஸ் குடியேற்ற ஆபீஸ் என்று சொல்வதா? நல்ல ஆராய்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தான். அது நோயாளியினுடைய படுக்கையைப் பற்றிக் கேட்டதோடு நிற்காமல், அவளுக்குப் படுக்க இடம் இருந்ததா என்றும் கேட்டது.

இது இப்படி இருக்க, கறுப்பர்கள் டாக்டர்களை நம்புவதில்லை, வைத்தியத்துக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை, அது அவர்களுடைய மூடத்தனம் என்று வேறு ஒரு குற்றம் சாட்டப்படுகிறது. மூடத்தனம் என்றால் அனுபவத்தைப் புறக்கணிப்பதற்குப் பெயர். இவர்களோ அனுபவத்தினாலேயே பயப்படுகிறார்கள். அலபாமா மாகாணத்தில் மேக்கன் ஜில்லாவில் டஸ்கீகி என்னுமிடத்தில், 1932 முதல் 1972 வரை, அமெரிக்க சர்க்கார் சுகாதார இலாகாவார் சுமார் 600 கறுப்பு ஆண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். அவர்களில் 399 பேருக்குப் பறங்கிப்புண் நோய் இருந்தது. நோயின் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை. உனக்குக் கெட்ட இரத்தம், அதற்கு வைத்தியம் செய்கிறோம் என்று சொல்லி, சாப்பாடும் சவ அடக்கச் செலவும் கொடுத்து, வைத்தியமே செய்யாமல் நோய் எப்படி வளர்ந்து கொல்லுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1947-க்குள் பென்சிலின் ஊசி இந்நோய்க்குக் கைகண்ட மருந்தாகிவிட்டது. அதன் பிறகும் 25 வருஷ காலம் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. பத்திரிகையில் வெளிப்பட்ட பிறகே 1972-ல் நிறுத்தினார்கள். 1997 மே மாதத்தில் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நாற்பது வருஷம் ஏமாற்றியவன் நாகரிகமுள்ளவன், ஏமாந்தவனுடைய பேரன் சந்தேகப்பட்டால் அவன் மூடனா? சந்தேகப்படுவதல்லவோ பகுத்தறிவின் முதல் படி! அந்தச் சந்தேகத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு அதை உண்டாக்கியவர்களுடையது.

மற்றொரு புளுகையும் சொல்லிவிடுகிறோம். 2001-ல், ஆப்பிரிக்கர்களுக்கு இந்த மருந்துகளைக் கொடுத்துப் பயனில்லை, அவர்களுக்குக் கடிகாரப்படி மணி பார்க்கத் தெரியாது, வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட முடியாது என்று அமெரிக்க அயல்நாட்டு உதவி இலாகாவின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ் என்பவரே பேசினார். சூத்திரனுக்கு வேதம் ஏறாது என்ற பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேதத்தைக் காதால் கேட்டாலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றவன்தான் அவனுக்குப் படிப்பு வராது என்றும் சொன்னான். மருந்தையே கண்ணில் காட்டாதவன்தான் அவனுக்குச் சாப்பிடத் தெரியாது என்றும் சொல்லுகிறான். 2006-ல் இதையும் கணக்குப் பார்த்தார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்கள் ஆப்பிரிக்காவில் 100-க்கு 77 பேர், வட அமெரிக்காவில் 100-க்கு 55 பேர் என்று தெரிய வந்தது. இதற்கு முன்பே, 1998 முதல், ஜாபிதாவில் வைத்து இழிவு செய்யப்பட்ட அதே ஹெய்தி தேசத்தில், கான்ஜ் என்னும் குக்கிராமத்தில், பால் ஃபார்மர் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஏழைக் குடியானவர்களுக்கு இலவசமாக இம்மருந்துகளைக் கொடுத்து வந்தார்கள். அந்தந்த ஊர்க்காரர்களையே சம்பளம் கொடுத்து அமர்த்தி, தினந்தோறும் நோயாளியின் வீட்டுக்கே மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து வயலுக்குப் போனார்கள். இவர்களுக்குக் கடிகாரத்தைக் கற்றுக் கொடுத்தது யார்?

மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நம் கடமையில் தவறியவர்களாவோம். 2011-ல் லண்டனில், சில சபைகளின் போதகர்கள் ஜெபத்தினால் நோய் போய்விட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்ல, அதை நம்பி மருந்தை நிறுத்தியவர்களில் மூன்று பேராவது மாண்டு போனதாக பி.பி.சி. செய்தி வெளியிட்டது. டஸ்கீகியில் டாக்டர் மருந்தைக் கொடுக்காமல் கொன்றார். இங்கே போதகர் கொடுத்த மருந்தைப் பிடுங்கிக் கொன்றார். இருவருக்கும் நாம் வித்தியாசம் பாராட்டவில்லை. ஆனால் உண்மையை ஒளிக்கவும் கூடாது. 1989-ல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பெர்னெசா சீல் என்ற அம்மையார், நோயாளிகளைப் பார்க்கக்கூட வராமலிருந்த கோயில்களுக்குள்ளேயே புகுந்து, இந்நோயைப் பற்றி வாய் திறந்து பேச வைத்தார். அவர் ஜெபத்தின் பெயரால் அதைச் செய்தார். ஜெபத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் நோயாளியைத் தீட்டென்று ஒதுக்காத மனிதத் தன்மையை எங்கே கண்டாலும் அதற்கு நாம் மரியாதை செய்வோம். ஜனங்கள் ஏன் போதகரிடம் போகிறார்கள் என்பதும் யோசிக்கத்தக்கது. ஆஸ்பத்திரியில் சீட்டுக் கேட்கிறார்கள், காசு கேட்கிறார்கள், முறைத்துப் பார்க்கிறார்கள். சபையிலோ வா என்று கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். வைத்தியசாலையின் கதவு சாத்தியிருக்கும் வரையில் மூடநம்பிக்கையின் கதவு திறந்துதானிருக்கும்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் சொல்லப்படலாம். ஒன்று, அப்படியானால் ஒவ்வொருவனும் தன்னைத்தான் காத்துக்கொள்ள வேண்டியதில்லையா என்பது. வேண்டியதுதான். உறையும், பரிசோதனையும், தடுப்பு மாத்திரையும், ஊசியைப் பகிர்ந்துகொள்ளாமையும் எல்லோருக்கும் அவசியமே. ஆனால் பரிசோதனைக்கு இடமும் மாத்திரைக்கு வழியும் இல்லாதவனிடம் போய் ஜாக்கிரதையாயிரு என்று உபதேசிப்பது, கிணற்றைப் பூட்டி வைத்துக்கொண்டு குளித்துச் சுத்தமாயிரு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது ஆட்சேபம், நோயை நிறம் பிரித்துக் கணக்கெடுப்பதே தப்பு, எல்லோரும் மனிதர்கள்தானே என்பது. இது கேட்பதற்கு இனிப்பாயிருக்கும். நாம் வகுப்புவாரி உரிமை கேட்டபோதும் இதே இனிப்பைத்தான் நம் வாயில் திணித்தார்கள். உத்தியோகத்தில் யார் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டால் ஜாதித் துவேஷம் என்றார்கள். கணக்கு வெளிவந்தால் கொள்ளை வெளிவந்துவிடும் என்பதுதான் அந்தச் சமரச ஞானத்தின் இரகசியம். 94-ம் 13-ம் தெரிய வந்தது நிறம் பிரித்துக் கணக்கெடுத்ததனால்தானே? ஆகவே கணக்கு அவசியம் வேண்டும். ஆனால் எதைக் கணக்கெடுப்பது என்பதுதான் கேள்வி. கறுப்பன் எத்தனை பேரோடு சேர்ந்தான் என்று மட்டும் எண்ணி ஏட்டில் எழுதினால் அது ஆராய்ச்சி அல்ல, சித்திரகுப்தன் கணக்கு. அவன் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மைல் நடந்தான், எத்தனை நாள் காத்திருந்தான், எத்தனை ரூபாய் கேட்டார்கள், டாக்டர் அவனிடம் மாத்திரையைப் பற்றிப் பேச்செடுத்தாரா இல்லையா என்று எண்ணி எழுதட்டும். அதைக் கேட்கும் கமிட்டியிலும் கறுப்பர்களே சரிபாதியாவது இருக்கட்டும்.

கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் திருஷ்டாந்தம் உண்டு. 2022 ஏப்ரல் முதல் லண்டன் முதலிய பட்டணங்களில், அவசர சிகிச்சைக்கு வந்து இரத்தம் எடுக்கப்படுகிற ஒவ்வொருவருக்கும், அவர் வேண்டாம் என்று சொன்னாலொழிய, எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்துச் செய்கிறார்கள். நீ யார், எந்தத் தேசம், யாரோடு சேர்ந்தாய் என்ற கேள்வியே கிடையாது. இதனால், தனிப் பரிசோதனைச் சாலைப் பக்கமே வராமலிருந்த கறுப்பு ஆண்களும் பெண்களும் பலர் கண்டுபிடிக்கப்பட்டு மருந்துக்கு வந்திருக்கிறார்கள். பாவம் செய்தாயா என்று கேட்பதை நிறுத்தியவுடன் நோய் அகப்பட்டுக்கொண்டது!

புது மருந்தொன்றின் கதியையும் சொல்லி முடிக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் தடுப்பு ஊசியைத் தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் உள்ள இளம் பெண்களிடத்தில் பரீட்சித்தார்கள். அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை என்று 2024-ல் தெரிந்தது. மனித அறிவின் மகத்தான வெற்றி இது. எந்தக் கடவுளும் இதைச் செய்யவில்லை. ஆனால் 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அதன் விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல் என்று போட்டார்கள். ஏழை நாடுகள் 120-க்கு மலிவுச் சரக்குச் செய்ய அனுமதி கொடுத்தது நல்லதே. ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே கறுப்பு மக்கள் மிக அதிகமாக வாழும் பிரேசில் தேசம் அந்த 120-ல் இல்லை. அதே ஊசியின் மற்றொரு பரீட்சை அந்தப் பிரேசிலிலும் நடந்தது! பரீட்சைக்குக் கறுப்பனுடைய உடம்பு வேண்டும். பலன் மட்டும் பணக்காரனுக்குப் போக வேண்டும். இது டஸ்கீகி புத்தியின் மிச்சமல்லவா?

ஆகவே தோழர்களே! நோய்க்குக் காரணம் கர்மம் என்று எவன் சொன்னாலும், இரத்தம் என்று எவன் சொன்னாலும், ஜாதி சுபாவம் என்று எவன் சொன்னாலும், அவன் சாமியாராயிருந்தாலும் சரி, பேராசிரியராயிருந்தாலும் சரி, முதலில் ஆஸ்பத்திரியின் வாசற்படிக்குப் போய்ப் பாருங்கள். கதவு திறந்திருக்கிறதா, யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்குச் சாத்தியிருக்கிறது என்று பாருங்கள். சாத்திய கதவுக்குப் பூட்டுப் போட்டவன் கையில் சாவி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு, வெளியே நிற்பவனுடைய பிறப்பை ஆராய வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்காது.